அப்பாவின் போயா நாள்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் முழுக்க நிலாவைப் பார்த்து, என்றைக்கு என்ன வடிவம், எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். நுவரெலியாவில் இதைச் செய்யச் சொன்ன ஆசிரியை கட்டாயம் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். இங்கே சாயங்காலமானால் எதிர்வீட்டுக் கூரையே பனிமூட்டத்தில் தெரியாது. நிலாவுக்கு எங்கே போவது? சில நாள் ஜன்னலடியில் நின்று பார்த்துவிட்டு, அவள் என் கைபேசியை எடுத்து நேரத்தைத் தேடினாள்.

"அம்மா, நேத்தைய விட இன்னைக்கு நிலா பிந்தித்தான் வருமாம். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானாம். தெரியுமா?"

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அவளிடம் சொல்லாததைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் வளர்ந்த தோட்டம் வட்டவளைக்கு மேலே இருந்தது. மழை பெய்த நாட்களை நினைவு வைப்பதைவிடப் பெய்யாத நாட்களை நினைவு வைப்பது சுலபமான ஊர். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடுவது. மத்தியானத்தோடு முடிந்துவிடும். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்குவார். சாராயக் கடை மூடுகிறவரைக்கும் அங்கேதான். திரும்பி வரும் குறுக்குப்பாதை தேயிலைக்கு நடுவே ஏறும். விளக்கு கிடையாது. பாதையோடு கூடவே ஆழமான வடிகான் ஒன்றும் வரும்.

வளர்பிறை நாட்களில் பொழுது சாயும்போதே நிலா வானத்தில் இருக்கும். பாதை தெரியும். அப்பா நேரே வீடு வந்து சேர்ந்துவிடுவார். வந்து சேர்ந்தால் என்னவென்று நான் விரிவாகச் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் நெளியாத தட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. போயா, அதாவது பௌர்ணமி, கழிந்ததும் நிலா ஒவ்வொரு நாளும் பிந்திக்கொண்டே போகும். கடை மூடுகிற நேரத்தில் பாதை இருட்டாகிவிடும். அந்த நாட்களில் அவர் வடிகானில் விழுந்து கிடப்பார். வளர்பிறையில் வந்துவிடுவாரே என்று அம்மாவுக்குப் பயம். தேய்பிறையில் இன்னும் வரவில்லையே என்று பயம். வாசலில் நின்று மலை முகட்டைப் பார்ப்பாள். மேகம் மூடியிருந்தாலும் அதன் பின்னே வெளிச்சம் ஊறுகிறதா என்று அவளுக்குத் தெரியும். "இன்னைக்கு நிலா கெளம்ப நேரமாகும்" என்று சொல்லி, அக்காவின் கையில் டோர்ச்சைக் கொடுப்பாள். நானும் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். மறுநாள் காலையில், வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், முழங்காலில் சீலைத்துணி சுற்றிக்கொண்டு அப்பா நிற்பார். ஆலைக் கூரைக்கு மேலே வெளுத்த பாதி நிலா அப்போதுதான் சாவகாசமாக நின்றுகொண்டிருக்கும். தேவையான நேரத்துக்கு வராமல் இப்போது வந்து நிற்கிறாயே என்று எனக்குக் கோபமாக இருக்கும்.

போயா நாள் வேறு. உங்களுக்குத்தான் தெரியுமே, போயாவுக்குச் சாராயக் கடைகளை மூடிவிடுவார்கள். எனக்கு அப்போது அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. நிலா ஓர் அரசாங்க உத்தியோகத்தர் என்றும், மாதத்துக்கு ஒரு தடவை முழு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து கடையைப் பூட்டுகிறார் என்றும் நினைத்திருந்தேன். போயாவன்று காலையில் வீட்டில் சவர்க்கார வாசம் அடிக்கும். அப்பா முகம் மழிப்பார். ஆடுகிற பலகைக்கு ஆணி அடிப்பார். எனக்குத் தலை பின்னிவிடுவார். இரண்டு பின்னலும் இரண்டு திசையைப் பார்க்கும். வேலையை மேற்பார்க்க வரும் கண்டாக்கு ஐயா மலையில் வழுக்காமல் நடக்கிற நடையை அப்படியே நடந்து காட்டுவார், அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தியாகும்போது அவருடைய விரல்கள் நடுங்கும். குளிர் என்று நினைத்துக்கொள்வோம்.

அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது வட்டகொடையிலிருந்து. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொண்டுவந்த இடம். மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் வேலை. பெண் பார்க்க எப்போது வரட்டும் என்று கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை. வைகாசிப் போயாவான வெசாக்குக்குக் கடை இரண்டு நாளும் மூடியிருக்கும். அதில் இரண்டாம் நாள் வரச் சொன்னாள். ஒருநாள் முழுக்கத் தெளிந்திருந்தால் மறுநாள் முகம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது அவளுடைய எண்ணம். வெசாக் என்றால் அப்பா வழக்கமாக முன்கூட்டியே ஒரு போத்தலைப் பதுக்கிவிடுவார், இல்லாவிட்டால் கீழ் டிவிசனில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களிடம் போவார். இந்தத் தடவை எப்படித் தடுப்பது என்று அம்மா மாமாவிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்ததை அப்பா கேட்டுவிட்டார்.

"நீ கடை மூடுற நாளாப் பாத்துத்தானே வரச் சொல்லியிருக்கே? எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "புள்ளைக்காக ரெண்டு நாளு தாங்கிருவேன்."

தாங்கினார். பதுக்கவில்லை, கீழ் டிவிசனுக்கும் போகவில்லை. முதல் நாள் சாயங்காலம் மழை விட்டு, முழு நிலா மலைக்குப் பின்னாலிருந்து எழும்பியபோது எங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். காலையில் அவரால் சவரக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை; அம்மாதான் மழித்துவிட்டாள். அந்தக் குளிரிலும் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. சுவரில் பூச்சி ஊர்கிறது, துடைத்துவிடு என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. அம்மா அவருக்காகச் சுவரைத் துடைத்தாள்.

மத்தியானம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ரயிலில் வந்து, வட்டவளையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள். வந்தவர்களை வணங்கி உட்காரச் சொன்னது அப்பாதான். வெள்ளை வேட்டியில் அவ்வளவு அழகாக இருந்தார். ரயிலில் கூட்டமா என்று விசாரித்தார். அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். எல்லாரும் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் கோப்பை மட்டும் தட்டோடு மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. அடுத்து அது கீழே விழுந்தது. அப்பாவும் விழுந்தார். கை கால்கள் இழுத்துக்கொண்டன, வாயோரம் நுரை வந்தது. நான் அதுவரை அப்படி எதையும் பார்த்ததில்லை. மாப்பிள்ளைதான் முதலில் எழுந்து அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார். அவர்கள் வந்த ஆட்டோவிலேயே அப்பாவை ஏற்றிக்கொண்டு, அம்மாவும் மாமாவும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் நானும் மிஞ்சினோம். அந்த அம்மா கீழே கிடந்த கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, கேட்க விருப்பமில்லாத மாதிரி, அப்பாவுக்கு எத்தனை வருடமாக வலிப்பு, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் பிறகு இது என்னவென்று கேட்பார்கள். ஆமாம் என்றால் பரம்பரை வியாதி ஆகிவிடும். அக்கா கட்டியிருந்தது இரவல் சேலை. அதன் முந்தானையை அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வலிப்பு நோயெல்லாம் இல்லீங்க. எங்கப்பா நெதமும் குடிப்பாங்க. எனக்காகத்தான் ரெண்டு நாளா குடிக்காம இருந்தாங்க."

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். அதைப் பார்த்து, சரி, காரியம் கைகூடிவிட்டது என்று நான் நினைத்தேன். பிள்ளைப் புத்தி. அந்த வாரமே மாமா வந்து, நல்ல குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் பையனுக்கு இப்போது அவசரமில்லையாம் என்றார். அக்கா அந்த வருடமே கொழும்புக்கு வேலைக்குப் போனாள்; வெகுகாலம் கழித்து அங்கேயே கல்யாணம் முடித்தாள். அப்பாவும் இப்போது இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை மாமாதான் அம்மாவுக்கு விளங்கவைத்தார். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் தங்கி, மருந்தோடுதான் விட வேண்டுமாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிருக்கே ஆபத்தாம். அப்பா தங்கிப் பார்த்தார். முடியாமல் பாதியில் ஓடி வந்துவிட்டார்.

அடுத்த போயாவுக்கு முந்தின நாள், அம்மாவே மாமாவை அனுப்பிச் சாராயம் வாங்கிவரச் சொன்னாள். காலையில் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே ஊத்துறியே" என்றார்.

"ஊத்தாம என்ன செய்யச் சொல்றீங்க" என்றாள் அம்மா.

அவருடைய கை ஆடியதால், தன் இரண்டு கைகளாலும் அவர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளே குடிக்க வைத்தாள். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் போயா என்று தனியாக ஒரு நாள் இருக்கவில்லை.