நாற்காலி இழந்த தராசுக்காரர்

இரண்டாம் மாடித் தராசுக்காரர் தன் வீட்டு நாய்க்குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ வைத்து அதை முடித்துக்கட்டப் பார்க்கிறார் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் பொறுப்பில் இருக்கும் மோட்டார் அக்காவிடமிருந்துதான் அது என் காதுக்கு வந்தது. அக்கா சொல்வதில் எப்போதும் பாதி உண்மை இருக்கும். எந்தப் பாதி என்பதை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

"விஷமாக்கா?"

"நான் விஷம்னு சொன்னேனா? ஏதோன்னு சொன்னேன். வந்தப்போ குட்டி எப்படித் தளதளன்னு இருந்துச்சு. இப்ப விலா எலும்ப எண்ணலாம். மாடிப்படிய நாலு தடவ நான் கழுவி விட்டிருக்கேன். அந்த மனுஷன் அதப் பாக்கற பார்வையப் பாத்திருக்கீங்களா? சக்களத்தியப் பாக்கற மாதிரி இருக்கும்."

எந்தப் பாதி உண்மை என்று பார்க்கக் கிளம்பினேன்.

தராசுக்காரருக்குக் கடை அடுத்த தெருவில். முப்பது வருடமாகத் தராசு ரிப்பேர். காய்கறிக் கடை, இரும்புக் கடை, தபால் அலுவலகம் என்று ஊரில் எங்கே எதை நிறுத்தாலும் அந்தத் தராசு ஒருமுறையாவது இவர் மேசைக்கு வந்து போயிருக்கும். எதையும் சட்டென்று நிறுக்க மாட்டார். முதலில் எடைக்கல்லை வைப்பார், முள் சரியாக நிற்கிறதா பார்ப்பார், அதை இறக்கிவிட்டு அப்புறம்தான் சாமான். மனைவி கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஒரு நாள் அப்படி நிறுத்துப் பார்த்ததாகச் சொன்னார். நாய்க்குட்டி வந்த வாரத்திலிருந்து டப்பா நூற்று எண்பது கிராம் குறைந்திருந்ததாம்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க வயசுக்கு அது போதும்னு சொல்லிட்டா."

மனைவி மருந்துக் கடையில் மருந்தாளர். மருந்துக்காரம்மா என்றால் தெருவுக்கே தெரியும். கையெழுத்துப் புரியாத சீட்டையும் படித்துவிடுவார். கணவர் முகத்தைப் படிக்க மட்டும் நேரம் இருக்காது. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போய்விட்ட வீடு. அந்த வெற்றிடத்தில்தான் மருந்துக்காரம்மாவின் தம்பி ஒரு நாள் மூன்று மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். கன்றுக்குட்டி அளவுக்கு வளரும் ஜாதி. பாதங்கள் அப்போதே சப்பாத்துப் போட்ட மாதிரி இருந்தன. அதற்குப் பொடியன் என்று பெயர் வைத்தார்கள்.

ஜன்னலோரம் தராசுக்காரருக்கு ஒரு நாற்காலி உண்டு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கடையிலிருந்து வந்ததும் அதில்தான் உட்காருவார். வேறெதில் உட்கார்ந்தாலும் யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்குமாம். வந்த மூன்றாம் நாள் பொடியன் அதில் ஏறிப் படுத்தான்.

"குழந்தை தூங்குது, எழுப்பாதீங்க" என்றார் மனைவி.

"நான் எங்க உக்கார்றது?"

"வீட்ல வேற இடமே இல்லையா?"

அன்றைக்கே அவருக்கு வயிறெரிய ஆரம்பித்தது. பொடியனுக்கோ நிஜமாகவே வயிறு சரியில்லை. தினமும் நாலைந்து தடவை தண்ணீராகப் போயிற்று. காதைச் சொறிந்தான், பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தான். நாய் டாக்டர் முதலில் மலத்தைச் சோதித்துப் புழு இல்லை என்றார். உணவைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கச் சொன்னார். அதற்கும் மசியவில்லை. ஏதோ ஓர் உணவு இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் என்று சொல்லிவிட்டார்: அது இதுவரை தின்றே இராத ஒரு கறி, ஒரு கிழங்கு. எட்டு வாரம். வேறு எதுவும் ஒரு துளி, ஒரு பருக்கை கூடாது. வாத்தும் உருளைக்கிழங்கும் என்று முடிவாயிற்று. நாளுக்கு நாலு வேளை, சின்னச் சின்னதாக. கூடவே வயிற்றுக்குத் தினம் ஒரு மாத்திரை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி கொடுக்கலாமா என்று மருந்துக்காரம்மா ஆசையாகக் கேட்டதற்கு டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம்மா. பெரிய ஜாதி நாய்க்கு எலும்பு அவசரப்படக் கூடாது. வாராவாரம் எடை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எடை என்றதும் தராசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பதவி அதுதான்.

மருந்துக்காரம்மா ஒரு நோட்டுப் போட்டார். வேளை, அளவு, மலத்தின் பதம். பதத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்: ஒன்று என்றால் தண்ணீர், ஐந்து என்றால் கெட்டி. கடையில் கூட்டம் நெரிக்கும்போதும், குட்டியைப் பார்க்க வீட்டுக்குப் போய்வந்த கணவருக்குப் போன் வரும். "மத்தியானம் எப்படிப் போச்சு? ரெண்டா, மூணா?"

"பதினோரு வருஷமா எனக்கு நெஞ்செரிச்சல்" என்றார் தராசுக்காரர் என்னிடம். "ஒரு நாள் என்னை ரெண்டா மூணான்னு கேட்டதில்ல. மாத்திரை அட்டையக் கல்லாவுக்கு மேல தள்ளுவா. தலைய நிமிர்த்தக்கூட மாட்டா. அதுக்கு வாத்து வேகுது. எனக்கு நேத்து மிச்சம்."

"அப்ப நீங்க ஏதோ வெச்சது உண்மையா?" இதைக் கேட்கத்தானே போயிருந்தேன்.

கொஞ்ச நேரம் ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். "வெச்சேன்" என்றார். "ஒரு பிஸ்கட்."

வாத்துச் சாப்பாடு தொடங்கிய முதல் வாரத்தில் நடந்தது. பொடியன் அவர் மனைவியின் பின்னாலேயே சமையலறைக்கும் குளியலறை வாசலுக்கும் போவான். இவர் கூப்பிட்டால் காதுகூட அசையாது. ஒரே ஒரு தடவை தன்னிடம் வரட்டுமே என்று ஒரு பிஸ்கட்டைக் காட்டினார். வந்தது, தின்றது, உடனே மருந்துக்காரம்மாவிடம் திரும்பிப் போய் மீசையில் ஒட்டியிருந்த தூளோடு மடியில் தலையை வைத்துக்கொண்டது. காட்டிக்கொடுக்க வேறு சாட்சி வேண்டுமா?

அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கோளாறுக்கும் அவர்தான் குற்றவாளி. பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு வந்தது. நான்கு வாரம் அவர் கை வைக்கவில்லை. ஆனாலும் நோட்டில் இரண்டும் இரண்டரையுமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

"திரும்ப என்ன கொடுத்தீங்க?" என்றார் மனைவி.

"எதுவும் கொடுக்கல."

"எதுவும் கொடுக்காம எப்படிப் போகும்?"

"என்னக் கேட்டா? அதக் கேளு."

"நீங்க இல்லன்னு மட்டும் தெரியட்டும், உங்க நாற்காலிய உங்ககிட்டயே கொடுத்துடறேன். போதுமா?"

இந்தப் பேச்சு படிக்கட்டு ஜன்னல் வழியாக இறங்கி மோட்டார் அக்காவை அடைந்தபோது பிஸ்கட் உதிர்ந்துபோய் 'ஏதோ' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஐந்தாவது வாரம் தம்பிக்காரன் போன் செய்தான். குட்டி தேறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், தெரிந்த கிடங்கு ஒன்றில் காவலுக்கு நாய் கேட்கிறார்கள், அங்கே இந்த வாத்து, நோட்டு எல்லாம் கிடையாது, பிழைத்தால் பிழைக்கட்டும் என்றான். மருந்துக்காரம்மா போனைக் கணவரிடம் நீட்டினார்; அனுப்பிவிடலாம், ஞாயிற்றுக்கிழமையே வா என்று அவர் சொல்லிவிட்டார். தராசுக்காரர் அன்றிரவு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

அதற்கு மறுநாள் வியாழக்கிழமை. நெஞ்செரிச்சலில் அவருக்கு வழக்கத்துக்கு மாறாக ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பால்கனியில் மனைவி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே பொடியன். அவர் ஒரு கையால் அதன் தாடையைத் தாங்கி, "என் செல்லத்துக்குக் கசக்குமாம், பாவம்" என்று கொஞ்சிக்கொண்டே மாத்திரையை எதிலோ உருட்டி வாயில் போடுகிறார்.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஒரு பெண் நாய்க்கு மருந்து கொடுக்கிறாள் என்று போயிருப்பார்கள். பொறாமைக்காரன் கண் அப்படிப் போகாது. எனக்கு அட்டையைத் தள்ளுகிறவள் இதற்கு எதில் சுற்றிக் கொடுக்கிறாள் என்று எட்டிப் பார்த்தார்.

சீஸ். விரல் அகலத்துக்கு ஒரு துண்டு.

எனக்கு ஒரு நாளாவது சீஸில் சுற்றிக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். ஒரு துளி, ஒரு பருக்கை கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. தினம் ஒரு துண்டு, ஐந்து வாரம். சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்தார்.

"சொல்லலையா?" என்றேன்.

"ரெண்டு நாள் சொல்லல. பொய் சொல்லக் கூடாது, அந்த ரெண்டு நாளும் நெஞ்செரிச்சலே இல்ல."

எதற்குச் சொல்ல வேண்டும்? வாயைத் திறக்காமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சக்களத்தி வண்டியேறிவிடும். நாற்காலி வரும், டப்பாவில் நூற்று எண்பது கிராம் வரும். அவர் எந்தத் தப்பும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கப்படி குட்டியைத் தராசுக் கடைக்குக் கூட்டிவந்தார் மருந்துக்காரம்மா. பெரிய மேடைத் தராசில் பொடியன் தானாகவே ஏறி உட்கார்ந்தான். வாரா வாரம் ஏறிப் பழகியிருந்தான். எடை பார்க்கும்போது அசையக் கூடாது என்றுகூட அதற்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது கிலோ இருநூறு. போன வாரத்தைவிட முந்நூறு கிராம் குறைவு. இந்த வயதில் இந்த ஜாதிக்கு இருபத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும்.

மருந்துக்காரம்மா எண்ணைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். அதன் வாலுக்குக் கீழே ஈரமாக இருந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். நாளை அனுப்பப்போகிற நாயை இப்படித் துடைக்க வேண்டுமா என்று தராசுக்காரருக்கு எரிந்தது.

"ஏங்க, உங்க தராசு சரியாத்தான் காட்டுதா?" என்றார்.

அங்கேதான் அந்த அம்மாள் தப்பு செய்தார். டப்பாவில் குறைத்தது, நாற்காலியைப் பிடுங்கியது, பிஸ்கட்டுக்குப் பூட்டுப் போட்டது எல்லாவற்றையும் மனிதர் தாங்கிக்கொண்டார். தராசைச் சொன்னதும் பொடியனைத் தூக்கி இறக்கினார். இருபது கிலோ எடைக்கல்லை ஏற்றினார். இருபது. இறக்கிப் பத்தை ஏற்றினார். பத்து.

"தராசு சரியாத்தான் இருக்கு. உன் நோட்டுதான் பொய் சொல்லுது."

"என் நோட்டா? வேளை தப்பாம எழுதறேன்."

"காலைல ஆறு மணிக்கு என்ன எழுதியிருக்க?"

"ஆறு மணிக்குச் சாப்பாடே கிடையாதே. மாத்திரை மட்டும்தான்."

"மாத்திரை எதுல போகுது?"

"சீஸ்ல சுத்தி..." மருந்துக்காரம்மா நிறுத்தினார். "அது மருந்துக்குங்க. சாப்பாட்டுக்கு இல்ல."

"அதோட வயித்துக்கு அது தெரியுமா?"

முப்பது வருடம் மருந்து கொடுத்த கை. அந்தக் கையைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு அலமாரி: ஒன்று மருந்து, இன்னொன்று சாப்பாடு. மாத்திரையோடு சேர்ந்து போவதெல்லாம் மருந்து அலமாரிதான், அது தேனானாலும் சீஸானாலும். அதனால்தான் அது நோட்டில் ஏறவே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர், "சரி, இன்னைலேர்ந்து எட்டு வாரம். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க. மாத்திரைய வாத்துக்கறிக்குள்ளயே வெச்சுக் கொடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வண்டியோடு வந்தான். தராசுக்காரரே கீழே இறங்கிப் போய் அவனைத் திருப்பி அனுப்பினார்.

"என்ன மாமா, நீங்கதான அனுப்பணும்னு நின்னீங்க?"

"எட்டு வாரம் கழிச்சு வா. கணக்கு இன்னும் முடியல."

மூன்றாவது வாரம் நோட்டில் முதல் நான்கு விழுந்தது. அன்றைக்கும் மருந்துக்காரம்மா கடையிலிருந்து போன் செய்து அவரைத்தான் கேட்டார். பதில் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். காதுச் சொறிச்சல் நின்றது. எட்டாம் வாரம் மேடைத் தராசு முப்பத்தொன்றைத் தாண்டியது. அதன் பிறகு ஒவ்வொரு உணவாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கோழி ஒத்துக்கொண்டது. பால் சாமான் மட்டும் ஆயுளுக்கும் கிடையாது.

மோட்டார் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தம்மாதான் வெச்சிருக்கு" என்றார். இனி இந்தப் பேச்சு எந்த மாடிக்குப் போய் எப்படித் திரும்பிவருமோ, எனக்குத் தெரியாது.

தராசுக்காரருக்கு எரிச்சல் அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவரால் பிழைத்த குட்டி இன்னும் மனைவியின் பின்னாலேயேதான் போகிறது. தராசின் மேல் உட்காரும் இரண்டு நிமிடம் மட்டும் அது அவரைப் பார்க்கிறது. அதனால் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை எடை பார்க்கிறார். டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பொடியனுக்கு எட்டு மாதம். ஜன்னலோர நாற்காலியில் அடைத்துக்கொண்டு படுத்திருந்தான். பின்னங்கால் இரண்டும் வெளியே தொங்கின. பக்கத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மரப்பெட்டியின் மேல் தராசுக்காரர் உட்கார்ந்திருந்தார். எடைக்கல் வைக்கிற பெட்டி.

"நாற்காலி?" என்றேன் மெதுவாக.

அவர் மனைவியைப் பார்த்தார். மருந்துக்காரம்மா நோட்டில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "கொடுக்கறேன்னு சொன்னேன்ல. இப்பதான் கண்ணசந்துச்சு" என்றார்.