ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தை

பேச்சியம்மாள் அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்று நேற்றுக் காலை பால்காரர்தான் சொன்னார். பாத்திரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ராஜபாளையத்தில் அவர் எனக்கு எதிர்வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் வாசலைப் பார்த்து, "வாரேன் தம்பி" என்பார். எங்கள் ஊரில் கிளம்புகிறவர் யாரும் போறேன் என்று சொல்வதில்லை.

கொரோனா வந்ததும், அவர் கிளம்பும் நேரம் பார்த்து நான் கதவைச் சாத்தினேன். பிறகு தெருவே சாத்தியது. முதலில் சாத்தியது நான்தான். இத்தனைக்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற தறிக்கூடத்தில் எனக்கு வேலை. அவ்வளவு பெரிய தைரியசாலி நான். சில நாளில் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் எனக்கே வந்தது. அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். காய்ச்சலில் எல்லாம் வெள்ளையாக மிதந்தது. பிளவக்கல் அணைத் தண்ணீருக்கு அடியில் நான் படுத்திருப்பதாகவும், மேலே ஆட்கள் நடப்பதாகவும் தோன்றும். உச்சி முதல் பாதம் வரை மூடிய உருவங்கள் வரும், போகும். எதற்கும் முகமில்லை. ஓர் உருவம் மட்டும் கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "செத்த நேரம் குப்புறப் படுங்க" என்கிற குரல் முகமூடிக்குள் அமுங்கிப்போகும். பெயர் கேட்டால், "தூங்குங்க" என்று மட்டும் பதில் வரும்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில், வாய்ப்பழக்கத்தில் அந்த உருவத்திடம், "வாரேன் சிஸ்டர்" என்றேன்.

"ஆஸ்பத்திரில அந்த வார்த்த சொல்லக் கூடாது தம்பி. போறேன்னு சொல்லிட்டுப் போங்க. வாரேன்னு நம்ம தெருவுல சொல்லிக்கிடலாம், கதவு தொறந்திருந்தா."

அங்கேயே அழுதேன்.

பின்னர் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை. "அந்த உடுப்புக்குள்ள வேர்த்து ஊத்தும். நான் யாருன்னு எனக்கே மறந்துரும். அதக்கூடத் தாங்கிட்டேன் தம்பி. அதக் கழட்டிட்டு, சேலையோட நம்ம தெருவுல நடக்கயிலயும் போட்டிருக்க மாதிரியே இருந்துச்சு. அதத்தான் தாங்க ஏலல" என்றார். அன்றிலிருந்து காலையில் என் கதவு திறந்தே இருந்தது. முந்தாநாள் வரை அவர் குரலும் வந்தது.

நேற்று அவர் வீட்டு வாசலில் தெருவே நின்றது. முகமூடி எதுவும் இல்லாமல், தூங்குகிறவர் போல அக்கா கிடந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். எல்லோரும் அப்படியே கலைந்தார்கள். நான் மட்டும் அவர் காதருகே குனிந்து, "வாரேன்க்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, இன்னும் கதவைச் சாத்தவில்லை.