பலகையில் இருந்த நேரம்

இருபத்தோரு வருஷமாக விடுதிக்காரம்மா ஒரு வேலையைத் தவறவிட்டதில்லை. விடிந்ததும் ஓடையில் தண்ணீர் வற்றும் நேரத்தை வாசல் பலகையில் எழுதிவிடுவார். சதுப்புக்கு அப்பால் இருக்கும் பழைய ஆலயத்துக்கு நடந்தே போகிறவர்கள் அதை நம்பித்தான் கிளம்புவார்கள். கடல் ஏறி இறங்குவதைப் பொறுத்து அந்த நேரம் நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். புருஷன் படகுக்காரர் கொல்லையிலிருந்து நேரத்தைச் சொல்லிக் குரல் கொடுப்பார், இவர் எழுதுவார்.

அன்று குரல் வரவில்லை. மருமகனிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று முந்தின நாள் சண்டை. 'அவரே வாயைத் திறக்கட்டும்' என்று இவரும் வீம்பாக இருந்துவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும்போதுதான் உறைத்தது. ஐந்தாம் அறை டீச்சர் பலகையைப் பார்த்து, கூட வந்திருந்த தன் அக்காவிடம், "ரெண்டு மணிக்கா? அக்கா, கிளம்பு!" என்று சொல்லிப் போய் அரைமணி ஆகிறது. அது நேற்றைய நேரம். ஓடையில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருக்கும். அக்காவுக்கோ கைத்தடி இல்லாமல் நடை இல்லை.

படித்துறைக்கு ஓடினார். படகுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க! பலகையில நேத்து நேரம் இருக்கு. ரெண்டு பொம்பளைங்க போயிட்டாங்க."

அவர் திரும்பினார். "ஏறு."

நாணலுக்குள் படகு புகுந்தது. "டீச்சரம்மா!" என்று இவர் எழுந்து நின்று கத்தினார். பறவைகள்தான் கிளம்பின.

"உட்காரு. நீ ஆடினா நாலு பேரைத் தேடணும்."

சேற்றில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வளைவு திரும்பியதும் ஓடை நடுவே ஒரு அடையாளக் கம்பம். அக்கா அதைக் கட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அக்காவின் இடுப்பைப் பிடித்திருந்தார். கைத்தடி போன இடம் தெரியவில்லை.

இருவரையும் இழுத்து ஏற்றிய பிறகு, டீச்சர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "எங்க தப்புதாம்மா. தண்ணியப் பாத்துட்டும் இறங்கிட்டோம்."

பேசாமல் இருந்தால் விடுதியின் பேர் தப்பிக்கும். விடுதிக்காரம்மா ஈர முந்தானையைப் பிழிந்தார்.

"இல்லம்மா. பலகையில இருந்தது நேத்து நேரம். நான் மாத்தி எழுதல."

"நான் சொல்லல" என்றார் படகுக்காரர்.

"நான் கேக்கல."

அக்கா பல் கிட்டிக்க இருவரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததுக்கு நாங்களா முங்கணும்?"

படகுக்காரர் படகைத் திருப்பினார்.

விடுதிக்கு வந்ததும் விடுதிக்காரம்மா ஈரப் புடவையோடு பலகையைத் துடைத்தார்.

"இன்னிக்கு எத்தனை மணி?"

"ரெண்டு அம்பது."

மூன்றரை ஆகியிருந்தது. இருந்தாலும் எழுதினார்.