எருக்கலையன் வீட்டில் பேசுவாரா?

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் எருக்கலையன் கவிதைகளை ஜெராக்ஸில் படித்துவிட்டு நாங்கள் நாலு பேர் முடி வளர்த்தோம். கோயில், கல்யாணம், இயக்கம் என எதையும் விட்டுவைக்காத ஈழத்து மனுஷன். சிலருக்குத் துரோகி, சிலருக்குச் சித்தர். சாகும்வரை சுவிஸில் உணவகங்களில் கோப்பை கழுவினார். இப்போது சென்னையில் நண்பர்கள் அவருடைய தொகுப்பைக் கொண்டுவருகிறார்கள். முன்னுரை எழுதும் வேலை, இப்போது சூரிக்கில் இருக்கும் என் தலையில் விழுந்தது. மகள் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் வரும். அதற்காகப் போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அவர் இருக்கும் ரெனான் போனேன்.

சூரிக்கில் 8.04 ரயில். லோசான் வரை இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து சின்ன ரயிலில் ஆறு நிமிடம். அரைக்கட்டண அட்டை இருந்தால் ஒரு வழிக்கு நாற்பது ஃபிராங்குக்குள் முடியும். ஃப்ரிபூர்க் தாண்டியதும் அறிவிப்பு பிரெஞ்சில் வர ஆரம்பித்தது. ஜெர்மனே எனக்கு அரைகுறை, இது சுத்தம்.

மகள் வதனி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். முந்தின வாரம் ஃபோனில், "அப்பா வீட்ல பேசுவாரா அக்கா?" என்று கேட்டிருந்தேன். "ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் பேசுவார்" என்றார். ஊரையே எதிர்த்தவர் வீட்டில் இப்படியா என்று நெகிழ்ந்துபோய், 'மகளோடு தினமும் பேசிய தகப்பன்' என்று முன்னுரையில் எழுதிவைத்தேன்.

டீயைக் கொடுத்துவிட்டு அக்கா நான் நீட்டிய முன்னுரையில் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"இதென்ன தம்பி?"

"நீங்கதானே சொன்னீங்க, தினமும் பேசுவார்னு."

அக்கா சிரித்தார். "எங்கட ஊரில பேசுறதெண்டா ஏசுறது. என்னைக் கண்டாலே பேசுவார். கதைச்சதே இல்லை."

எனக்கு முகம் செத்துப்போனது. பேனாவை எடுத்து, "அடிச்சிடட்டுமா அக்கா?" என்றேன்.

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விடுங்கோ. உங்கட தமிழிலயெண்டாலும் அவர் என்னோட கதைச்சிருக்கட்டும்." என் பேனாவை வாங்கி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே குழப்பம். ஒரு பொய்யும் சொல்லாத கவிஞருக்கு நான் பொய்யில் முன்னுரை எழுதுகிறேனா? வரியை எடுத்தால் அக்காவுக்குத் துரோகம், வைத்தால் அவருக்கு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, இன்னும் முடிவெடுக்கவில்லை.

ரெனான் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், விலை குறையும். ஈழத்தமிழர் வீட்டில் 'பேசுவாரா' என்று கேட்காதீர்கள், 'கதைப்பாரா' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் எனக்கு உண்மை கிடைத்திருக்கும். கையெழுத்து கிடைத்திருக்குமா, தெரியவில்லை.