இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது

ஏற்காடு ஒண்டிக்கடையில் நான் மருந்துக் கடை வைத்துப் பதினேழு வருடம் ஆகிறது. செம்மநத்தம் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் வேலம்மாள் கடந்த ஆறு வருடமாக மாதம் இரண்டு தடவையாவது கடைக்கு வருவாள். வாங்குவதெல்லாம் கணவன் காளியப்பனுக்குத்தான். பஞ்சு, டெட்டால், களிம்பு, மூத்திரப் பை. காளியப்பன் காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரத்தில் கிளை கழிக்க ஏறி, மழையில் வழுக்கிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது தோளும் அன்றைக்கே உடைந்து சரியாகக் கூடாமல் போய்விட்டது. அந்தக் கையைக் காதுக்கு மேல் உயர்த்த அவரால் ஆகாது.

வேலம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து கிலோ ஆளைத் தனியாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பாள், குளிப்பாட்டுவாள், திரும்பக் கட்டிலில் கிடத்துவாள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் இரக்கப்பட்டு, அவள் குடியிருக்கும் தொழிலாளர் லைன் வீட்டுக்கு எதிரே இருக்கும் காப்பிக் களத்திலேயே அவளுக்கு வேலை கொடுத்திருந்தார். கொட்டையைக் கிளறிவிட்டு ஓடுவாள், அவரைப் புரட்டிவிட்டு ஓடி வருவாள். ஆறு வருடத்தில் காளியப்பன் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை. அதைப் பார்த்துச் சேலத்து டாக்டர் ஒருவர் ஆச்சரியப்பட்டாராம். தன்னைப் பற்றி அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தனக்கென்று அவள் முதலில் மருந்து கேட்டது மூன்று வருடத்துக்கு முன்னால். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் நெஞ்சுக்குழியில் அடைக்கிறது, வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறது என்றாள். வாயுத் தொல்லை என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். நின்றுவிட்டது என்றாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தாள், மறுபடி கொடுத்தேன். டாக்டரைப் பார் என்று நான் சொல்லாமல் இல்லை. ஆனால் கடையில் கூட்டம் இருக்கும்போது சொல்கிற மாதிரி சொன்னேன். அவளும் அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பாள். அப்படியே மூன்று வருடம் ஓடிப்போனது.

போன ஐப்பசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தவள், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பச்சையாக வாந்தி. ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பை வீங்கி, சுவர் தடித்துப்போயிருந்தது.

உடனே அறுக்க முடியாது, ஊசி போட்டு வீக்கம் வடியட்டும், ஆறு வாரம் கழித்துப் பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. சின்னச் சின்னதாக நாலு துளைதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். உள்ளே ரொம்பவும் ஒட்டியிருந்தால் மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், அது உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். வேலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எத்தன நாளுங்க எடை தூக்கக் கூடாது?”

துளை என்றால் மூன்று நாலு வாரம், திறந்தால் மூன்று மாதம், இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தண்ணிக் குடம்கூடக் கூடாது என்றார். எதைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டார்.

“எங்க ஊட்டுக்காரரத் தானுங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

அந்த ஆறு வாரமும் வேலம்மாள் எண்ணெய் இல்லாமல் கஞ்சியும் ரசமுமாகச் சாப்பிட்டாள். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து ஊசி எழுதியிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கொண்டு போனாள். ஆனால் அவளுடைய நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு அருள்சாமிக்குக் காளியப்பனைத் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். காளியப்பனோடு ஒரே செட்டில் மரம் கழித்தவர் அருள்சாமி. ஐம்பத்தெட்டு வயது. நல்ல பலம், ஆனால் காப்பி மூட்டை தூக்குகிற மாதிரிதான் தூக்க வந்தது. முழங்காலை இப்படி முட்டுக்கொடுங்கண்ணா, கையை அக்குளுக்கு அடியில் விடுங்க, இடுப்பை இழுக்காதீங்க, தோல் உரிஞ்சிரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அருள்சாமி தூக்கும்போதெல்லாம் காளியப்பன் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவர் பிடிகொடுத்தால் பாதி சுமை குறையும். பிடிகொடுக்காமல் சும்மா தொங்குவார். கோபமா வெட்கமா என்று அருள்சாமிக்குப் புரியவில்லை. வேலம்மாளுக்குப் புரிந்தது. அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்கழி முதல் வாரம் ஆபரேஷன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற மகள் மலர் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். முந்தின நாளே சேர்த்துக்கொண்டார்கள். இருதயப் படம், நெஞ்சுப் படம், மறுபடி ரத்தம். விடிந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. கண்ணாடி வளையல், மூக்குத்தி, தாலிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். மெட்டி மட்டும் சோப்புப் போட்டும் வரவில்லை. நர்ஸ் குறடு கொண்டுவந்து வெட்டி எடுத்தாள். அதுவரைக்கும் தைரியமாக இருந்தவள் அப்போதுதான் அழுதாள் என்று மலர் சொன்னாள்.

பையை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மூன்றரை மணி நேரம் ஆனது. உள்ளே ஈரலோடும் குடலோடும் ஒட்டிப் பிசினாகக் கிடந்ததால் திறந்துதான் எடுக்க முடிந்தது.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது எத்தனை துளை என்றுதான். மலர் போர்வையை இழுத்துவிட்டாள். வேலம்மாள் கையை மெல்லக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு. பக்கத்தில் ஒரு குழாய் தொங்கியது.

“மூணு மாசமா கண்ணு?” என்றாள்.

மலர் தலையை ஆட்டினாள்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தனை நாளும் அருள்சாமி வேலைக்குப் போகாமல் காளியப்பனைப் பார்த்துக்கொண்டார். மடித்த துண்டை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமப் பழகினாள். நுரையீரல் நன்றாக விரிவதற்காக, மூன்று உருண்டை வைத்த பிளாஸ்டிக் டப்பாவை உறிஞ்சி உருண்டையை மேலே ஏற்றச் சொன்னார்கள். முதலில் ஒன்றுதான் ஏறியது. வீட்டில் சிக்னல் கிடையாது. அருள்சாமி தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போய் போனில் கேட்டு, இறங்கி வந்து காளியப்பனிடம் சொல்வார். எட்டு நாளும் கணவன் மனைவி பேச்சு அந்த மனிதர் வாய் வழியாகத்தான் நடந்தது.

ஒன்பதாம் நாள் காரில் மேலே கூட்டிவந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் துண்டை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள். காளியப்பன் கட்டிலுக்கு எதிரே அவளுக்கும் ஒரு கட்டில் போட்டாயிற்று. ஒரே அறையில் இரண்டு நோயாளி. லீவு முடிந்து மலர் புறப்பட்டுவிட்டாள். இன்னும் நாலு நாள் கேட்டுப் பார்த்தாள், கம்பெனியில் ஆள் மாற்றிவிடுவோம் என்றார்கள். அவள் பஸ் ஏறும்போது என் கடையில் நின்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். சரி என்றேன். கடையை விட்டுவிட்டு நான் என்ன பார்த்துக்கொள்ள முடியும்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசன் அது. லைனில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் காலையிலேயே மலைச் சரிவுக்குப் போய்விடுவார்கள். அருள்சாமியாலும் அதற்கு மேல் லீவு போட முடியவில்லை. போவதற்கு முன்னால் காளியப்பனைக் குளிப்பாட்டிப் படுக்கவைப்பார். அவர் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து வைப்பார்கள். மறுபடி ஆள் வர மாலை நாலரை ஆகும். நடுவில் புரட்டிப் போட ஒருவருமில்லை. வேலம்மாள் அவருக்கு அடியில் விரித்த துப்பட்டியைப் பிடித்து லேசாக இழுத்தாவது திருப்பலாம் என்று எழுந்தால் காளியப்பன் அதட்டுவார்.

மலர் போன நாலாம் நாள். காலையில் பத்து மணி இருக்கும். வெளியே பனி இறங்கித் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வேலம்மாளுக்கு லேசான காய்ச்சல், தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்து தண்ணி தண்ணி என்று முனகியதைக் காளியப்பன் பார்த்திருக்கிறார். நடுவில் ஸ்டூல்மேல் சொம்பு. எட்டி எடுக்கப் பார்த்தவர் அப்படியே சரிந்து சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டார்.

சத்தம் கேட்டு எழுந்தவள் யோசிக்கவே இல்லை. குனிந்து அவருடைய அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தாள்.

“தொடாத புள்ள. சொல்றனில்ல, தொடாத.”

அவள் மறுபடி இழுத்தாள். வயிற்றுக்குள் ஏதோ பிரிந்த மாதிரி இருந்ததாம். காளியப்பன் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் அவளை அடித்தது அந்த ஒரு தடவை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். களத்தில் ஆள் இல்லை. பனியில் எதிர் லைன்கூடத் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தால் தையல் கடித்தது. வந்த சத்தம் வாசல் தாண்டவில்லை. தொட்டி மேட்டுக்கு ஏறினால் போன் பேசலாம். பத்தடி வைத்துப் பார்த்தாள், கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

கம்பளியைக் காலால் தள்ளித் தள்ளி அவர் பக்கம் கொண்டுவந்தாள். அவருக்கு அடியில் போட முடியவில்லை, மேலேதான் போர்த்த முடிந்தது. தலையணையைத் தலைக்கு வைத்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து மெதுவாக அவளும் தரையில் உட்கார்ந்து, அவர் பக்கத்தில் படுத்துவிட்டாள். படுத்த பிறகுதான் தன்னாலும் எழ முடியாது என்று தெரிந்தது.

ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். பேசவே இல்லை என்றாள். ஒரு தடவை அவர் வலிக்குதா என்று கேட்டாராம். இல்லீங்க என்றாளாம். உங்களுக்கு என்று அவளும் கேட்டுவிட்டாள்.

“எனக்கு எங்க புள்ள வலிக்கும்” என்றாராம்.

நாலரை மணிக்கு அருள்சாமி வந்து கதவைத் திறந்தபோது இருவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு மருந்தும் பஞ்சுமாக மேலே போனேன். காளியப்பனின் இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் உடைந்திருந்தது. அந்தச் சிமெண்ட் தரை செய்த வேலை. வேலம்மாளால் குனிந்து பார்க்க முடியவில்லை. எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என் போனில் படமெடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“எங் கையில இருந்த வரைக்கும் இது வரலீங்ணா” என்றாள். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பஞ்சைப் பிரித்தேன்.

அன்றைக்குத்தான் காளியப்பன் பேச்செடுத்தார். சேலத்துக்கு அந்தப்பக்கம் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசாரித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். வேலம்மாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மூணு மாசந்தான் புள்ள. நீ நல்லானதும் வந்து கூட்டிட்டு வா.”

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. தை பிறந்து நாலாம் நாள் இடம் கிடைத்தது. நாலு பேர் கம்பளியில் வைத்து ஜீப் வரைக்கும் தூக்கிப்போனார்கள். அவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. வேலம்மாள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். ஜீப் கதவைக்கூட வேறொருவர்தான் சாத்தினார்.

புண் அங்கே பங்குனியில் மூடிவிட்டது. நேரத்துக்குப் புரட்டிப் போட ஆள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு காலை பஸ்ஸில் மலை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

வேலம்மாளுக்குத் தழும்பு ஆறிவிட்டது. வயிற்று வலி அறவே இல்லை, எண்ணெய்ப் பலகாரம்கூடக் கொஞ்சம் தின்னலாம். ஆனால் சித்திரையில் காட்டப் போனபோது, தழும்புக்குப் பக்கத்தில் இருமினால் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பதைப் பார்த்து டாக்டரம்மா குடலிறக்கம் என்றார். அன்றைக்குத் தூக்க முயன்றதனாலா, காய்ச்சலில் புண் சரியாகக் கூடாததாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். வலை வைத்துத் தைக்க இன்னொரு ஆபரேஷன். ஆடியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். தைத்த பிறகும் ஆள் எடையை இனி ஒருநாளும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆள் எடை பற்றி டாக்டரம்மா சொன்னதை அவள் காளியப்பனிடம் சொல்லவில்லை. மலரிடமும் சொல்லவில்லை. இடுப்பு பெல்ட் வாங்க வந்தபோது என்னிடம் சொன்னாள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

போன ஞாயிறு பஸ்ஸை விட்டிறங்கிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ரொம்ப மெலிந்துவிட்டார், ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றாள். எப்போது கூட்டிப்போக வருகிறாய் என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்னே?”

“மழ நிக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேனுங்ணா.”

வைகாசி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இந்த மலையில் மழை கார்த்திகை வரைக்கும் நிற்காது. அது காளியப்பனுக்கும் தெரியும். அவர் சரி என்று சொன்னாராம்.