சித்திக்குத் தாகம் எடுக்காது

ஆற்றோரக் குடிசைகள் நெருங்கிய எங்கள் பஸ்திக்குள் வெள்ளம் புகுந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அணையைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரையும் கொண்டுபோய் என் பள்ளிக்கூடத்திலேயே தங்க வைத்தார்கள். லீவு விட்டும் பள்ளிக்கூடத்திலேயே கிடக்க வேண்டியிருந்ததுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே துயரம்.

பெருமையும் ஒன்று இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, ஃபயர் பிரிகேடில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். சனங்களை மீட்கப் படகோடு வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆனால் படகில் அவளை ஏற்றவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள், அதுதான் உனக்குச் சரி என்று அவர்களுடைய மேலதிகாரி சாகேப் மராத்தியில் சொல்லிவிட்டார். முதல் நாள் முழுக்க யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு சனங்களைக் கிச்சடிக்கு வரிசையில் நிறுத்தினாள். கயிறு கட்டப் படித்தவள் கரண்டி பிடிக்கிறாள் என்று அப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

மறுநாள் படகில் ஒருவருக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் சித்தியைக் கூப்பிட்டார்கள். நடுவில் எதற்கும் நிறுத்தச் சொல்லக் கூடாது என்று சாகேப் கண்டிப்பாகச் சொன்னார். எதற்கு நிறுத்தச் சொல்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று முழுக்கப் படகு ஆட்களைக் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் அம்மா டீ கொண்டு ஓடுவாள். ஆண்கள் குடிப்பார்கள், படகை ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வருவார்கள். சித்தி மட்டும் இறங்கவே மாட்டாள். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாண்டா. நீ குடி."

அவள் உதடு வெடித்திருந்தது. அம்மா குனிந்து, "ஒரு வாய் நனைச்சுக்கடி" என்றாள்.

"குடிச்சா எங்கக்கா போவேன்? கக்கூசெல்லாம் முங்கிக் கெடக்கு. ஒரு தடவ நிறுத்தச் சொன்னேன்னு வையி, நாளைக்கு மறுபடி கிச்சடிதான்."

எனக்கும் கிச்சடி பிடிக்காது. அதனால் சித்தியின் கஷ்டம் முழுதாகப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது படகிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். இதுக்குத்தான் பொம்பளைக்கு இந்த வேலை வேண்டாம் என்பது என்றார் அப்பா. அம்மா ஒரு பழைய புடவையை எடுத்துக்கொண்டு அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் நடத்திக் கூட்டிப்போனாள். நானும் போனேன், விரட்டிவிட்டாள். திரும்பி வந்த சித்தி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்கச் சொன்னேன்: ஃபயர் பிரிகேட்காரர்களுக்குத் தாகமே எடுக்காது, எங்கள் சித்தியின் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது. நிரூபிக்க, மத்தியானம்வரை பாட்டிலைத் திறக்கவில்லை. அதற்குமேல் தாங்காமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பிறகு எல்லாப் பையன்களையும்போல மதில் ஓரமாக ஒதுங்க ஓடினேன். எங்கள் பள்ளிக்கு நல்ல நீளமான மதில்.