எட்டு வருஷம் என்றாள்

என் மனைவிக்குத் தெருவில் அட்டைக்காரம்மா என்று பெயர். ஒரு சுகாதார ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை. ஏதாவது ஓர் உடல்நிலையை விவரிக்கும் அட்டையைக் காட்டுவாள். இப்படியே பத்து வருஷம் வாழ்வீர்களா, இல்லை முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவாக வாழ்வீர்களா என்று கேட்பாள். ஐந்தா, ஏழா, ஒன்பதா என்று ஏற்றி இறக்கி, இரண்டும் ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வாள். எந்தக் கஷ்டத்தை மக்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடுமாம். இதென்ன வேலையற்ற வேலை என்று முதலில் சிரித்தேன். இப்போது அந்த வேலையில்தான் நான் சாப்பிடுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். வேலையில் மேலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, கைகளிலும் பாதிப் பலம்தான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, எல்லாம் அவள் தோளில்தான். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. சுளிப்பதெல்லாம் நான், காபியில் சூடு போதாது என்றுகூட.

பேட்டிகளைப் பதிவு செய்து, சாயங்காலம் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அன்று ஹெட்போன் பழுது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். என் காதுக்கு ஒரு குறையும் இல்லையே.

"நடக்க முடியாது. தானாகக் குளிக்கவோ உடுத்தவோ முடியாது. ஓரளவு வலி உண்டு," என்று அவள் குரல் அட்டையைப் படித்தது. அச்சாக நான்தான். பதில் சொன்னவர் எங்கள் தெருத் தையல்காரர்.

"இப்படிக் கெடந்து என்னம்மா பிரயோஜனம்? இதுக்குச் செத்துப்போறதே மேல்."

"சரிங்க," என்றது அவள் குரல்.

கேட்பவர் தன் கருத்தை முகத்தில்கூடக் காட்டக்கூடாது என்பது விதி, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தச் 'சரிங்க' சுருக்கென்று தைத்தது. இவளும் அப்படித்தான் நினைக்கிறாளோ? இவள் கணக்கில் என் பிழைப்பு எத்தனை பெறும்?

புதுச் சுற்று தொடங்கும்முன் ஒத்திகை பார்ப்பது எப்போதும் என்னிடம்தான். இந்தத் தடவை தலைவலி, முட்டிவலி என்று லேசான அட்டைகளாகவே எடுத்தாள்.

"தையல்காரருக்குக் காட்டினியே, அந்த அட்டைய எடு," என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "கேட்டுட்டீங்களா? அத உங்ககிட்ட நான் கேக்க மாட்டேன்."

"நீ கேக்க வேண்டாம். நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. உனக்கு அந்த நிலைமைன்னு வச்சுக்க."

மறுப்பாள் என்று நினைத்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஆரோக்கியமா அஞ்சு வருஷம்?"

"வேண்டாம். இப்படியே பத்து இருந்துட்டுப் போறேன்."

"ஏழு?"

"வேண்டாம்."

"ஒன்பது?"

"அப்படின்னா ஆரோக்கியம்தான்."

"எட்டு?"

அட்டையை எடுத்து மறுபடி முழுக்கப் படித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். எட்டுன்னே எழுதிக்கோங்க."

செத்துப்போவதற்கும் கீழே ஒருவர் தள்ளியதை இவள் எட்டு என்கிறாள். பத்து என்று சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. அந்த நேர்மைக்கே அவள் காலில் விழலாம், விழ முடிந்தால். ஆனாலும் விடுவேனா?

"மிச்ச ரெண்டு வருஷம் எதுக்குப் போச்சு? வலிக்கா?"

"வலிக்கு இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குளிப்பாட்டறப்ப நீங்க கண்ண இறுக்கி மூடிக்கிறீங்க. யாரோ ஒருத்தி தொடற மாதிரி. உங்க எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் மூடிப்பேனோன்னு தோணுச்சு. அதுக்குத்தான் அந்த ரெண்டு வருஷம்."

அந்தக் கூச்சம் எனக்கு மட்டும் தெரிந்தது என்றல்லவா இருந்தேன்.

மறுநாள் காலை குளியலறையில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அவள் நெற்றியெல்லாம் வியர்வை, மூக்கு நுனியில் கொஞ்சம் நுரை. தினம் தினம் இவ்வளவு பக்கத்தில் வந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்துவிட்டாள். தலைக்குச் சோப்புப் போட்டாள்.

"கண்ண மூடுங்க, எரியப்போகுது," என்றாள்.

"எரியட்டும்," என்றேன்.